ஐந்து கோப்பைகள், எட்டு விடுபடல்கள்: நைஜீரியாவின் பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி

பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை அதிக முறை வென்ற நாடு மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா. 1985, 1993, 2007, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை அது கோப்பையைக் கைப்பற்றியுள்ளது. நான்கு கோப்பைகளுடன் பிரேசில் அடுத்த இடத்தில் நிற்க, அர்ஜென்டினா இக்கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனால் இதே நைஜீரியாவின் மூத்தோர் அணி, 1994, 1998, 2014 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளில் முதல் சுற்றைத் தாண்டியும், காலிறுதியை இன்றுவரை எட்டியதில்லை. இளமையில் உலகை வெல்லும் நாடு வளர்ந்தபின் ஏன் பின்தங்குகிறது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் வயது மோசடி என்பதே. அந்தப் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் அணியின் நாற்பதாண்டுப் பதிவேட்டை வரிசையாகப் படிப்பவருக்கு, அது பாதிக் கதையை மட்டுமே விளக்குகிறது என்பது விரைவிலேயே புலப்படும்.

பதிவேட்டின் வடிவமே வியப்பூட்டுவது. 1985 முதல் 2025 வரை இப்போட்டி இருபது முறை நடைபெற்றுள்ளது. அவற்றுள் நைஜீரியா பங்கேற்றவை பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் எட்டு முறை அது இறுதியாட்டத்தை எட்டி, ஐந்தில் வென்று, 1987, 2001, 2009 ஆகிய மூன்றில் தோற்றது. எஞ்சிய நான்கில் 1989, 1995 இரண்டிலும் காலிறுதியோடும், 2003இல் முதல் சுற்றோடும், 2019இல் இரண்டாம் சுற்றோடும் திரும்பியது. பங்கேற்காத எட்டுப் போட்டிகளும் பங்கேற்றவற்றைப் போலவே கவனிக்கத்தக்கவை: 1991, 1997, 1999, 2005, 2011, 2017, 2023, 2025. வந்தால் மூன்றில் இரண்டு முறை இறுதியாட்டம், இல்லையேல் வருவதே இல்லை என்னும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்கையில், தொடர்ந்து இயங்கும் ஓர் அமைப்பின் விளைச்சலாக அது தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கப்பட்டு, கூடிவந்தால் உச்சத்தைத் தொட்டு, கூடிவராதபோது தடமின்றிப் போகும் முயற்சிகளின் தொகுப்பாகவே தோன்றுகிறது.

போட்டியின் பிறப்பிடம் ஆசியா என்பது பலரும் அறியாதது. சிங்கப்பூர்க் கால்பந்துச் சங்கம் 1977இல் பதினாறு வயதுக்குட்பட்டோருக்காக லயன் சிட்டி கோப்பை என்ற போட்டியைத் தொடங்கியது. 1982இல் அதைக் காண வந்த ஃபிஃபாவின் அன்றைய பொதுச் செயலாளர் செப் பிளாட்டர், உலக அளவில் இத்தகைய போட்டி ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்ததன் விளைவே 1985இல் சீனாவில் பதினாறு அணிகளுடன் நடந்த முதல் போட்டி. தொடக்கத்தில் பதினாறாக இருந்த வயது வரம்பு 1991இல் பதினேழாக உயர்த்தப்பட்டது. 2007இல் அணிகளின் எண்ணிக்கை இருபத்து நான்கானது.

பெய்ஜிங் தொழிலாளர் விளையாட்டரங்கில் 1985 ஆகஸ்ட் 11 அன்று நடந்த முதல் இறுதியாட்டத்தில், செபாஸ்டியன் பிராடரிக் இமாசுவென் பயிற்றுவித்த நைஜீரிய அணி மேற்கு ஜெர்மனியை 2-0 என வென்றது. கோலடித்தவர்கள் ஜோனதன் அக்போபோரியும் விக்டர் இக்பினோபாவும். எந்த வயதுப் பிரிவிலும் ஃபிஃபாவின் உலகக் கோப்பை ஒன்றை ஆப்பிரிக்க அணி வென்றது அதுவே முதல் முறை. அணித்தலைவர் இந்துகா உக்பாடே பின்னாளில் 2013இல் கோப்பை வென்ற அணியின் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார் என்பதையும், அந்த 2013 குழுவின் மற்றொரு துணைப் பயிற்சியாளர் இம்மானுவேல் அமுனேகே 2015 அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அமைப்பு கைவிட்ட தொடர்ச்சியைச் சில தனிமனிதர்கள் சுமந்துவந்திருப்பது தெரியும். 1987இல் கனடாவில் மீண்டும் இறுதிக்கு வந்த அணி, சோவியத் ஒன்றியத்துடன் 1-1 எனச் சமன் செய்து பெனால்டி உதைகளில் தோற்றது. போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து பிலிப் ஒசொண்டுவுக்குக் கிடைத்தது. 1989இல் ஸ்காட்லாந்தில் சவூதி அரேபியாவிடம் காலிறுதியில், அதுவும் பெனால்டி உதைகளில்தான், நைஜீரியா வீழ்ந்தது. அந்தச் சவூதி அணியே கோப்பையையும் வென்றது.

அவ்வாண்டே வயது விவகாரம் முதன்முறையாக ஆவணப்பூர்வமாக வெடித்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆடிய நைஜீரிய வீரர்கள் மூவரின் பிறந்த தேதிகள், அதே வீரர்கள் முந்தைய போட்டிகளுக்குக் கொடுத்திருந்த தேதிகளோடு பொருந்தவில்லை என்று ஃபிஃபா கண்டறிந்து, நைஜீரியாவை இரண்டாண்டுகளுக்கு இளையோர் போட்டிகளிலிருந்து தடை செய்தது. 1991 உலக இளையோர் போட்டியை நடத்தும் உரிமையும் பறிக்கப்பட்டுப் போர்ச்சுகலுக்குச் சென்றது. வெளியார் கிளப்பிய வதந்தி என்று இதை ஒதுக்க வழியில்லை; இரு ஆவணங்களில் இரு தேதிகள் இருந்தன.

தடைக்குப் பின் வந்த 1993 அணியை, ஐந்து வெற்றி அணிகளுள் எதிர்காலத்தை மிகுதியாகத் தன்னுள் கொண்டிருந்த அணி என்று கொள்வதில் தவறில்லை. ஜப்பானில் நடந்த அப்போட்டியில் கனடாவை 8-0 என வென்று தொடங்கிய அணி, டோக்கியோவில் கானாவை 2-1 எனத் தோற்கடித்துக் கோப்பையைப் பெற்றது. அணித்தலைவர் வில்சன் ஒருமா அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியையும் வென்றார். இன்வாங்கோ கானு, செலஸ்டின் பாபாயாரோ ஆகியோர் அந்த அணியில் இருந்தனர். ஃபானி அமூன் பயிற்றுவித்தார். மூன்றே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நைஜீரிய அணியில் ஒருமா, கானு, பாபாயாரோ மூவரும் இடம்பெற்றனர்: அரையிறுதியில் பிரேசிலை 4-3 என வீழ்த்திய ஆட்டத்தில் கடைசி இரு கோல்களும் கானுவுடையவை, அர்ஜென்டினாவை 3-2 என வென்ற இறுதியாட்டத்தில் நைஜீரியாவின் முதல் கோல் பாபாயாரோவுடையது. கழுகுக் குஞ்சுகள் என்னும் பொருளில் கோல்டன் ஈக்லெட்ஸ் என்றழைக்கப்படும் இளையோர் அணியிலிருந்து நாட்டின் மிகப் பெரிய வெற்றிக்கு நேராக ஒரு பாதை சென்றது அந்த ஒருமுறைதான்.

வயதுச் சிக்கலின் வேரை ஏமாற்றும் எண்ணத்தில் மட்டும் தேடுவது போதாது. நைஜீரியாவில் 2010களின் நடுப்பகுதியில்கூட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் பிறப்பு அரசிடம் பதிவாகாமலே இருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத சிறுவனுக்குப் பின்னாளில் உறுதிமொழிப் பத்திரத்தின் மூலம் வயது நிர்ணயிக்கப்படும்போது, அந்தத் தேதியில் குடும்பத்தின் நினைவு, பள்ளியின் தேவை, பயிற்சியாளரின் விருப்பம் மூன்றும் கலந்துவிடுகின்றன. ஐரோப்பியக் கழகம் ஒன்றின் கண்ணில் பட இதுவே ஒரே வாய்ப்பு என்ற நிலையில், இரண்டு வயதைக் குறைத்துச் சொல்வது சிறுவனுக்கும் அவனைச் சுற்றியிருப்போருக்கும் குற்றமாகத் தோன்றாமல் போவதில் வியப்பில்லை. இந்தியாவும் இதற்கு விலக்கன்று; வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த இந்தியக் கிரிக்கெட் வாரியம் இளையோர் பிரிவுகளில் எலும்பு வயதைக் கணக்கிடும் சோதனையை நடத்தி வருகிறது.

தாள்களை நம்ப முடியாத இடத்தில் ஃபிஃபா உடலிடமே கேட்க முடிவு செய்தது. மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பின் முனையில், வளர்பருவத்தில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. வளர்தட்டு எனப்படும் அது, வளர்ச்சி முடியும்போது முற்றிலும் எலும்பாகி, எலும்பின் தண்டோடு இணைந்துவிடும். யிர்ஷி துவோராக் தலைமையிலான ஃபிஃபாவின் மருத்துவக் குழு, சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் வயது உறுதியாகத் தெரிந்த சிறுவர்களின் மணிக்கட்டுகளை எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படப்பிடிப்பால் ஆராய்ந்து, இந்த இணைவை ஆறு படிநிலைகளாக வகுத்து 2007இல் வெளியிட்டது. பதினேழு வயது நிறைவதற்கு முன் ஆறாம் நிலை, அதாவது முழு இணைவு, நிகழ்வது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்பது அதன் முடிவு. எக்ஸ் கதிர்ப் படத்துக்கு மாறாக இம்முறை தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், மருத்துவத் தேவை ஏதுமின்றிச் சிறுவர்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தக் கூடாது என்ற அறநெறி. 2009 போட்டி முதல் இச்சோதனை நடைமுறைக்கு வந்தது.

சோதனையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அது வயதைக் கூறுவதில்லை. எலும்பின் முதிர்ச்சியைக் கூறுகிறது. எலும்பு மெதுவாக முதிரும் பத்தொன்பது வயது இளைஞர் அதைக் கடந்துவிடலாம். விரைந்து முதிரும் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் அரிதாக அதில் சிக்கலாம். தவிரவும், முதிர்ச்சியால் கிடைக்கும் அனுகூலம் பொய்ச் சான்றிதழ்களோடு நின்றுவிடுவதில்லை. தகுதி நாள் ஜனவரி 1 ஆக இருப்பதால், பதிவுகள் ஒழுங்காக உள்ள நாடுகளின் இளையோர் அணிகளில்கூட ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகுந்தும், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குறைந்தும் காணப்படுகின்றனர். பத்து மாத வளர்ச்சியையே திறமை என்று தேர்வாளர்கள் எண்ணிவிடுவதன் விளைவு இது. சார்பு வயது விளைவு என்று விளையாட்டியல் இதைக் குறிக்கிறது.

இனி, எம்.ஆர்.ஐ.க்கு முன், பின் என்று பதிவேட்டைப் பிரித்துப் பார்க்கலாம். 2007இல் தென்கொரியாவில் யெமி டெல்லாவின் அணி ஸ்பெயினுடன் கோலின்றிச் சமன் செய்து, பெனால்டி உதைகளில் 3-0 என வென்றது. ஏழு கோல்களுடன் மெக்காலி கிறிசாண்டஸ் தங்கக் காலணி பெற்றார். நுரையீரல் புற்றுநோயோடு அணியை வழிநடத்திய டெல்லா, கோப்பை வென்ற சில வாரங்களில், அக்டோபரில் காலமானார். அதுவரை வென்றவை மூன்று கோப்பைகள். மோசடியே முழு விளக்கம் என்றால், சோதனை வந்தபின் நைஜீரியா சரிந்திருக்க வேண்டும். 2009இல் சொந்த மண்ணில் போட்டியை நடத்திய நைஜீரியா, தன் முகாமிலிருந்த பல வீரர்களைச் சோதனைக்குப் பின் விலக்கிவிட்டு, மாற்று வீரர்களுடன் களமிறங்கியும் இறுதியாட்டத்தை எட்டியது. 2013இல் ஐக்கிய அரபு அமீரகத்தில், மனு கார்பாவின் அணி ஏழு ஆட்டங்களில் 26 கோல்கள் அடித்தது. தொடக்க ஆட்டத்தில் நடப்பு வாகையரான மெக்சிகோவை 6-1 என்றும், அதே மெக்சிகோவை அபுதாபி இறுதியாட்டத்தில் 3-0 என்றும் வென்றது. அந்த 6-1 ஆட்டத்தில் நான்கு கோல்கள் அடித்த கெலச்சி இஹியனாச்சோ தங்கப் பந்தைப் பெற்றார். 2015இல் சிலியில் விக்டர் ஒசிம்ஹென் பத்து கோல்கள் அடித்து, ஒரே போட்டியில் ஒன்பது என்ற முந்தைய சாதனையை முறியடித்தார். வினா டெல் மாரில் மாலியை 2-0 என வென்று நைஜீரியா ஐந்தாம் கோப்பையைப் பெற்றது. அடுத்தடுத்து வந்த இவ்விரு வெற்றிகளும் சோதனை நடைமுறையில் இருந்த காலத்தவை. ஆகவே மோசடி நடந்ததா என்ற கேள்விக்கு ஆம் என்றும், மோசடியே கோப்பைகளைத் தந்ததா என்ற கேள்விக்கு இல்லை என்றும் பதில் சொல்வதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது.

இன்னொரு முரணும் இதே திசையில் சுட்டுகிறது. உலகக் கோப்பையை ஐந்து முறை வென்ற நைஜீரியா, 1995இல் தொடங்கிய ஆப்பிரிக்கக் கண்டக் கோப்பையை இதே வயதுப் பிரிவில் 2001, 2007 என இரண்டே முறைதான் வென்றுள்ளது. 2013இல் உலகை வென்ற அணி அவ்வாண்டின் ஆப்பிரிக்க இறுதியாட்டத்தில் ஐவரி கோஸ்ட்டிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. 2015இல் உலகை வென்ற அணி ஆப்பிரிக்காவில் நான்காம் இடம் மட்டுமே பெற்றது. கண்டப் போட்டிக்கும் உலகப் போட்டிக்கும் இடையில் கிடைத்த ஆறேழு மாதங்களே இங்கு முக்கியம். ஐரோப்பியச் சிறுவர்கள் தத்தம் கழகங்களில் ஆடிவிட்டுப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் ஒன்றுசேர்கையில், கழகப் பிணைப்பு இறுக்கமாக இல்லாத நைஜீரியச் சிறுவர்களை மாதக்கணக்கில் ஒரே முகாமில் வைத்துப் பயிற்றுவிக்க முடிகிறது. நாடெங்கும் திறந்த தேர்வுகள் நடத்திப் புதியவர்களைச் சேர்க்கவும் முடிகிறது. லாகோஸ் நகரின் ஒலுசோசுன் குப்பைமேட்டை அடுத்த குடியிருப்பில் வளர்ந்து, போக்குவரத்து நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கிடையே தண்ணீர்ப் பாக்கெட் விற்ற ஒசிம்ஹென், அத்தகைய தேர்வு ஒன்றுக்குத் திரண்ட பெருங்கூட்டத்திலிருந்துதான் அணிக்கு வந்தார். வேறு நாடுகளில் பத்து வயதிலேயே கழக அகாடமியின் வடிகட்டியில் நின்றுபோகக்கூடிய சிறுவன், நைஜீரியாவில் பதினாறு வயதிலும் கண்டெடுக்கப்படலாம் என்பது அந்நாட்டின் ஒழுங்கின்மை தந்த ஒரு நன்மை.

அதே ஒழுங்கின்மை போட்டி முடிந்த மறுநாள் முதல் சிறுவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. பதினெட்டு வயது நிறையாத வீரரை, சில விதிவிலக்குகள் தவிர, வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்றக் கூடாது என்ற ஃபிஃபா விதி 2001இல் வந்தது. சிறுவர்களைக் கடத்திச் சென்று கைவிடும் இடைத்தரகர்களைத் தடுப்பதே அதன் நோக்கம். நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பதினேழு வயதில் உலகக் கோப்பை வென்ற நைஜீரியச் சிறுவன், அடுத்த ஓராண்டை வலுவான உள்நாட்டு இளையோர் லீக் ஏதுமின்றிக் கழிக்க வேண்டியிருக்கிறது. அந்த வயதில் ஓராண்டு என்பது சிறிய காலமன்று. 1993 வெற்றியை அடுத்துக் கானு அயாக்சுக்கும், பாபாயாரோ ஆண்டர்லெக்டுக்கும் பதின்வயதிலேயே செல்ல முடிந்தது, இவ்விதிக்கு முந்தைய காலத்தில். 2015 அணியின் தலைவரும் தங்கப் பந்து பெற்றவருமான கெலச்சி இன்வாகலி, 2016இல் ஆர்சனல் கழகத்தில் ஒப்பந்தமாகியும், தேசிய அணியில் போதிய ஆட்டங்கள் இல்லாதோருக்கு எட்டாத பிரிட்டனின் பணி அனுமதிக்காகக் காத்திருந்து, நெதர்லாந்துக் கழகங்களில் கடன் வீரராக ஆடி, முதன்மை அணிக்கு ஒரு முறையும் ஆடாமலே வெளியேறினார்.

2009 இறுதியாட்டத்தின் இரு அணிகளையும் அருகருகே வைத்தால் இது தெளிவாகும். அபுஜாவில் நைஜீரியாவை 1-0 என வென்றது, அப்போட்டியில் முதன்முறையாகப் பங்கேற்ற சுவிட்சர்லாந்து. கோலடித்தவர் ஹாரிஸ் செஃபெரோவிச். அவரும் கிரானித் ஷாக்காவும் ரிக்கார்டோ ரோட்ரிகசும் அப்போதே கிராஸ்ஹாப்பர்ஸ், பாசல், சூரிச் ஆகிய உள்நாட்டுக் கழகங்களில் வளர்ந்து வந்தவர்கள். வீட்டுக்குத் திரும்பிய மறுவாரமே பயிற்சிக்குச் செல்ல ஓரிடம் அவர்களுக்கு இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூன் 28 அன்று ஐரோப்பியக் கோப்பையில் உலக வாகையரான பிரான்சைச் சுவிட்சர்லாந்து வெளியேற்றிய ஆட்டத்தில் மூவரும் களத்தில் இருந்தனர். செஃபெரோவிச் இரு கோல்கள் அடித்தார். நைஜீரியத் தரப்பில் எல்லாம் வீணாயிற்று என்று சொல்வதும் நேர்மையாகாது: அந்த அணியின் கென்னத் ஒமெருவோவும் ஒகென்யி ஒனாசியும் 2013இல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்ற மூத்தோர் அணியில் ஆடி, மறு ஆண்டு உலகக் கோப்பையிலும் களமிறங்கினர். ஆனால் போட்டியின் தங்கப் பந்தைப் பெற்ற சானி இம்மானுவேலை எந்த உலகக் கோப்பையிலும் காண முடியவில்லை. 2007இன் கோல் மன்னர் கிறிசாண்டசும் அவ்வாறே. அந்த 2007 போட்டியில் அரையிறுதியில் தோற்ற ஜெர்மனியின் டோனி குரூஸ் 2014இல் உலகக் கோப்பையையே கையில் ஏந்தினார்.

வென்றவர்களில் ஒசிம்ஹென் உச்சத்துக்குச் சென்றார்: 2022-23 பருவத்தில் 26 கோல்கள் அடித்து நபோலியை இத்தாலிய வாகையராக்கி, 2023இன் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். இஹியனாச்சோ 2021இல் லெஸ்டர் அணியோடு எஃப்.ஏ. கோப்பையை வென்றார். தனித்திறன் வறண்டுவிடவில்லை என்பதற்கு இவர்களே சான்று; தொகுப்பாக ஓர் அணியை ஆறேழு ஆண்டுகள் காத்து வளர்க்கும் ஏற்பாடுதான் இல்லை.

2015க்குப் பிந்தைய பதிவேடு சுருக்கமானது. 2016 ஆகஸ்டில், இந்தியாவில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் நைஜருடன் மோதுவதற்கு முன், நைஜீரிய முகாமில் 26 பேர் எம்.ஆர்.ஐ. சோதனையில் தேறாமல் விலக்கப்பட்டனர். அவசரமாகத் திரட்டப்பட்ட அணி நைஜரிடம் தோற்க, கொச்சியில் ஆடும் வாய்ப்பு நைஜருக்குச் சென்றது. 2019இல் பிரேசிலில் நெதர்லாந்திடம் 3-1 எனத் தோற்று இரண்டாம் சுற்றோடு வெளியேறியது. 2023இல், 1985இன் தலைவரான உக்பாடேயே பயிற்றுவித்த அணி, ஆப்பிரிக்கக் காலிறுதியில் புர்கினா ஃபாசோவிடம் வீழ்ந்து தகுதியை இழந்தது. 2025 முதல் போட்டி ஆண்டுதோறும் 48 அணிகளுடன் நடத்தப்படுகிறது. ஆப்பிரிக்காவுக்கான இடங்கள் பத்தாக உயர்ந்தும், மேற்கு ஆப்பிரிக்க மண்டலச் சுற்றையே தாண்டாத நைஜீரியாவுக்கு அவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஈராண்டுக்கொரு போட்டி என்றிருந்த காலத்தில், ஒரு நல்ல பயிற்சியாளரும் எட்டு மாத முகாமும் ஒரு தலைமுறைக்குப் போதுமானவையாக இருந்தன. ஆண்டுக்கொரு போட்டி என்றான பிறகு, ஒரு முகாம் கலையும் முன்பே அடுத்த வயதுக்காரர்களைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பதால், நைஜீரியா இதுவரை கையாண்ட வழிமுறைக்கு இப்புதிய அட்டவணையில் இடமில்லை.